நான் ஏழு என்று சொன்ன நீலப் பறவை

மார்ச் 2, ஞாயிறு

பறவை விஷயத்தில் கண்டியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தங்கச்சி மகள் லோஜினியே இன்று தேடி வந்துவிட்டாள். குண்டசாலையில் அவள் வேலை செய்கிற விடுதி, அடுத்த ஞாயிறு ஆறு வெளிநாட்டுக்காரர்களை மலையடிவாரத்துக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போகிறது. வழிகாட்டி இவள்தான், முதல் தடவை. சரிவந்தால் அந்த வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி வரவேற்பு மேசை.

“மாமா, நீங்க பன்வில தேயிலைத் தோட்டத்துல வளர்ந்தவங்கதானே. இந்த ப்ளூ மக்பை பார்த்திருக்கீங்களா?” படத்தைக் காட்டினாள். நீல உடம்பு, செம்மண் நிறத் தலை, சிவப்பு அலகு.

“பார்த்திருக்கேனாவா? மேல் ஓடையில ஏழு! விடிஞ்சா என் கையில பிஸ்கட் தின்னும்.”

பிஸ்கட்டுக்குச் சிரித்தாள். ஏழு என்பதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

லோஜினி போன். “மாமா, ஜெஸீமா மேடம் வேற காட்டுக்குப் போறதா இருந்தாங்க. அங்க அந்தப் பறவை நிச்சயமாம். நீங்க ஏழு பார்த்த இடம்னு சொன்னதும் பன்விலைக்கு மாத்திட்டாங்க. ஆறு பேருக்கும் மெயில் போயிருச்சு.”

ஜெஸீமா மேடம்தான் விடுதி முதலாளி.

“நல்ல முடிவு” என்றேன். கையிலிருந்த பிளேன்டீ ஆறியது தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

உண்மையில் எத்தனை பார்த்தேன்? இதில் எழுதக்கூட மனம் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

பன்வில பஸ் ஏறினேன். பறவை ஆராய்ச்சித் திணைக்களம் என்று கொண்டக்டரிடம் சொன்னேன், முன் சீட் கிடைத்தது. மேல் ஓடையில் மூன்று மணி நேரம் நின்றேன். அட்டை கடித்ததுதான் மிச்சம். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அந்த வழியாக வந்தார் பாப்பம்மா அக்கா. என்னோடு ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர். விஷயத்தைக் கேட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்.

“நீலக் குருவியா? நீ எப்படா பார்த்த? பன்னெண்டு வயசுல கண்டிக் கடைக்கு வேலைக்கு ஓடிப் போனவன்!”

“வருமா அக்கா?”

“ஓடைக்கு வராது. கோயிலுக்குப் பின்னால, காட்டோரம் வரும். வந்தா வரும். மூணு வாரமா என் கண்ணுல படல.”

மார்ச் 8, சனி

சொல்லிட்டேன். குண்டசாலை பஸ் தரிப்பிடத்தில், நேருக்கு நேர்.

“எத்தனை பார்த்தீங்க மாமா?”

“ஒண்ணுகூட இல்ல புள்ள.”

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கொப்பியை எடுத்து அந்த வரியை வெட்டினாள், அவ்வளவுதான். என்ன வாய்டா இது? எதுக்கு வச்சிருக்கேன் இதை?

அங்கேயே நின்று மேடத்துக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னாள். இனி இடம் மாற்ற நேரமில்லை, நாளைக்கு அவரும் கூட வருகிறாராம். பாப்பம்மா அக்கா சொன்னதையும் சொன்னேன். அவர் நம்பரைக் கேட்டாள்.

“நீங்களும் வாங்க மாமா. ஆனா வாயைத் திறக்கக் கூடாது.”

மார்ச் 9, ஞாயிறு

ஆறு மணிக்கே காட்டோரம். பாப்பம்மா அக்கா முன்னால், நான் கடைசியில். எட்டரை வரைக்கும் மைனாவும் செம்போத்தும்தான். ஜெஸீமா மேடம் மணிக்கூட்டைப் பார்த்தார். லோஜினி யார் முகத்தையும் பார்க்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. “திரும்புவோம்” என்றார் மேடம்.

எல்லாரும் திரும்பியதில் கடைசி ஆளான நான் முதல் ஆள் ஆனேன். எதிரே பலா மரம். அதில் — ஐயோ —

நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

“லோஜினி. ஒண்ணு. பலா மரம், ரெண்டாவது கிளை.”

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் கையை நீட்டி ஆறு பேரையும் அந்தப் பக்கம் திருப்பினாள். அது பறக்குமுன் ஆறு பைனாகுலரும் அதன் மேல் இருந்தன.

வேனில் மெதுவாகக் கேட்டேன், “எப்படிப் புள்ள நம்புன?”

“ஒண்ணுன்னு சொன்னீங்களே மாமா.”

மார்ச் 16, ஞாயிறு

லோஜினிக்கு அடுத்த மாதம் இரண்டு பயணம். பாப்பம்மா அக்காவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

சலூனில் கணேஸ் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்டார், “எத்தனை பார்த்தீங்க அண்ணே?”

ஒன்று என்றேன்.

அதன் வாலை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன்.