பின் சீட்டில் இருவர்

அன்புள்ள சகலைக்கு,

இங்கே நலம். உங்கள் நலத்தைப் போன வாரமே போனில் விசாரித்துவிட்டேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் என் கண்ணாடிக் கடை விலாசத்துக்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நம் இரண்டு வீட்டிலும் போன் பொதுச் சொத்து. நீங்கள் குளிக்கப் போகிற நேரத்தில் உங்கள் போன் யார் கையில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள், படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

முதலில் பயண விஷயம். மூன்று கணவாய்களிலும் பனி ஒதுக்கி ரோட்டைத் திறந்துவிட்டதாக எங்கள் பஸ் டிப்போவுக்குத் தகவல் வந்துவிட்டது. மகளிடம் கணவாய் வழியாகப் போகிறோம் என்றேன். மீன் மார்க்கெட்டுக்கா என்று கேட்கிறாள். அவளுக்குத் தெரிந்த கணவாய் குழம்பில் போடுவது ஒன்றுதான். பரீட்சை இருப்பதால் அவள் வரவில்லை. ஆக நாம் நான்கு பேர்.

நாங்கள் புதன்கிழமை பள்ளத்தாக்கைச் சுற்றி வரும் பஸ்ஸில் உங்கள் ஊருக்கு வந்துவிடுகிறோம். மறுநாள் காலை உங்கள் காரில் கிளம்பலாம். முதல் கணவாய் சுலபம். இரண்டு பக்கமும் புல்வெளி, ரோடும் அகலம். இரண்டாவதன் உச்சியில் ஓர் ஏரி இருக்கிறது. அதன் கரையிலேயே தங்கும் விடுதிக்குச் சொல்லிவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரியும் என்றார்கள், கூடுதல் கம்பளியும் கேட்டிருக்கிறேன். கடைசி நாள் பெரிய கணவாயில் ஏறி எங்கள் ஊரில் இறங்குகிறோம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், சூடேறிவிடும். சின்ன கியரிலேயே விட்டு இறக்குங்கள். பஸ்ஸுக்கு நேர அட்டவணை போட்டே தலை நரைத்தவன் சொல்கிறேன். ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குவது வழக்கம்.

உட்காரும் முறை முக்கியம். முன் சீட்டில் நாம் இருவர், பின் சீட்டில் அவர்கள் இருவர். நடுவில் பை வைக்க இடம் கேட்பார்கள். கொடுக்கக் கூடாது, பையெல்லாம் டிக்கியில்தான். கொண்டை ஊசி வளைவுகளில் உங்கள் மனைவிக்குத் தலை சுற்றும் என்று தெரியும். அந்த மாத்திரையை நீங்கள் மறந்துவிட்டு வந்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் தங்கையின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தவள் என் மனைவி. பக்கத்தில் ஒருத்தி வாந்தி எடுக்கும்போது இவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பாளா, பார்க்கலாம். அல்பத்தனமான யோசனைதான். அக்காளும் தங்கையும் ஒன்றரை வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை, எனக்கு வேறு நல்ல யோசனை தோன்றவில்லை.

இனி அந்த நிபந்தனை. உங்கள் மனைவி வருகிறேன் என்று சொன்னதே பெரிது. ஆனால் பெரிய கணவாயின் உச்சியில் வண்டியை நிறுத்த வேண்டும், அக்கா தன் மூஞ்சியைப் பார்த்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாளாமே. கேள்வி எனக்கும் தெரியும். "ஏன் என்னை நிதானமா வரச் சொன்னே?"

நம் மாமியார் எங்கள் வீட்டில் படுக்கையில் கிடந்த கடைசி நாள் உங்களுக்கு மறந்திருக்காது. நிலைமை சரியில்லை என்று காலையில் போன் செய்தோம். நீங்கள் இருவரும் உடனே கிளம்பி, மாலையில் அந்தப் பெரிய கணவாயின் அடிவாரத்துக்கு வந்துவிட்டீர்கள். பனி கொட்டத் தொடங்கியிருந்தது. இப்போதே ஏறிவிடட்டுமா என்று உங்கள் மனைவி போனில் கேட்டாள். "ஒண்ணும் அவசரமில்ல. நிதானமா வாங்க. கீழயே தங்கிட்டு, விடிஞ்சதும் ஏறுங்க" என்று அக்கா சொன்னாள். நீங்கள் தங்கினீர்கள். மறுநாள் வந்து இறங்கியபோது, விடியற்காலையில் உயிர் போய்விட்டது என்று சொன்னோம். அக்கா அந்த ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால் அம்மா முகத்தை உயிரோடு பார்த்திருப்பேன் என்று உங்கள் மனைவி அன்று வாசலிலேயே கத்தினாள். அதோடு சரி, பேச்சு நின்றுபோனது.

அத்தை விடியற்காலையில் போகவில்லை, சகலை. உங்கள் போன் வந்தபோதே போய்விட்டிருந்தார். என் மனைவி அம்மாவின் கண்களை மூடிவிட்டு நிமிர்ந்தாள், போன் அடித்தது. நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். விஷயம் தெரிந்தால் உங்கள் மனைவி அந்தப் பனியிலேயே வண்டியை ஏற்றச் சொல்லுவாள், நீங்களும் மறுக்க மாட்டீர்கள். "போனவங்க போயிட்டாங்க, இருக்கிறவங்களையும் மலையில தொலைக்கச் சொல்றீங்களா?" என்று பிறகு என்னிடம் கேட்டாள்.

அதோடு நின்றிருந்தால் மறுநாளே உண்மையைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் உங்கள் மனைவி போனை வைக்கும் முன்னால், அதை அம்மாவின் காதில் வைக்கச் சொன்னாள். இவள் வைத்தாள். "அம்மா, நான் வந்துக்கிட்டே இருக்கேன். நீ தூங்கு. நான் வந்து எழுப்புறேன்." எனக்கே கேட்டது. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி கட்டில் மேல் குனிந்து, அம்மாவின் வாய்க்குப் பக்கத்தில் தன் வாயை வைத்து, மெதுவாக "ம்" என்றாள். அவள் குரல் அச்சு அசலாக அத்தையின் குரல் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் உங்கள் மனைவி அதைத்தான் சொன்னாள். "நான் பேசினது அம்மாவுக்குக் கேட்டிச்சு. எனக்கு ‘ம்’ சொன்னாங்க." அழுகைக்கு நடுவில் அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் தெளிந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்குமேல் அக்கா எப்படி வாயைத் திறப்பாள்? "அவகிட்ட மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் நான் பிடுங்கணுமா?" என்கிறாள். தங்கையின் ஏச்சை வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள். தங்கையின் பிறந்த நாளன்று போனைக் கையில் எடுத்து, நம்பரைப் பார்த்துக்கொண்டே நின்று, அடுப்பு மேடையைத் துடைக்கப் போய்விட்டாள். அதில் துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

உங்கள் மனைவியின் நிபந்தனையை அவளிடம் சொன்னேன். "அவ கேக்காம பாத்துக்கோங்க. நேருக்கு நேரா கேட்டா எனக்குப் பொய் வராது. ஒரு பொய்யே போதும் போதும்னு ஆயிடுச்சு" என்றாள். ஆகவே அந்தக் கேள்வி கணவாய் உச்சிக்கு வந்து சேரவே கூடாது. அது உங்கள் கையில் இருக்கிறது.

உங்களுக்குச் சங்கடமான காரியம்தான். கிளம்புவதற்கு முன் உங்கள் மனைவியிடம் நீங்கள் ஒன்று சொல்ல வேண்டும். அன்று ஓட்டி வந்தவர் நீங்கள். பனியைப் பார்த்துப் பயந்துபோனது நீங்கள். அவளிடம் சொல்ல வெட்கப்பட்டு, நிதானமாக வரச் சொல்லுங்கள் என்று அக்காவுக்கு ரகசியமாகச் செய்தி அனுப்பியதும் நீங்கள். அக்கா உங்களைக் காட்டிக்கொடுக்காமல் இருந்துவிட்டாள். இதுதான் நீங்கள் சொல்ல வேண்டிய கதை. பொழுதெல்லாம் திட்டு விழும், காபி வராது, ஏரிக்கரை விடுதியில் உங்களுக்கு வேறு அறை பார்க்க வேண்டியிருந்தாலும் இருக்கும். புருஷன்மேல் வரும் கோபம் ஊர் வந்து சேர்வதற்குள் ஆறிவிடும். அக்காள்மேல் வந்த கோபம் அப்படி ஆறுவதாகத் தெரியவில்லை. நானே சொல்லிப் பழியை ஏற்கலாம் என்றால், நான் அன்று காரில் இல்லை.

ஒரு விதத்தில் உங்களுக்கும் இது நிம்மதியாக இருக்கட்டும். நீங்கள் அன்று ராத்திரியே ஏறியிருந்தாலும் அத்தையை உயிரோடு பார்த்திருக்க முடியாது.

கேள்விக்கு வேலை இல்லாமல் போனாலும் உச்சியில் வண்டியை நிறுத்துங்கள். இன்ஜின் சூடாகிவிட்டது என்று சொல்லி நாம் இருவரும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்போம். பின் சீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்க வேண்டாம். எல்லாம் முடிந்து உங்கள் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு இறங்கி வந்து, "அம்மா அன்னிக்கு எனக்கு ‘ம்’ சொன்னாங்கல்ல?" என்று உங்களைக் கேட்பாள். அதை யாரிடமாவது கேட்காமல் அவளால் இருக்க முடியாது. இவ்வளவும் தெரிந்த பிறகும், நீங்கள் அவள் கண்ணைப் பார்த்து ஆமாம் என்று சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பழகிவிட்டேன்.

நால்வரும் நல்லபடியாக மலை இறங்க வேண்டும் என்ற நினைப்போடு,
உங்கள் சகலை