வலது கைக்கான பயிற்சி

செவ்வாய், இரவு.

நாளைக் காலை பக்கவாத வார்டிலிருந்து ஒரு செய்யூர்க்காரரை வீட்டுக்கு அனுப்புகிறோம். அவரைப் பார்த்துக்கொள்ள மனைவி கலா தயாரா என்று சோதித்து, படிவம் நிரப்புவது நர்ஸான என் வேலை.

எல்லாம் சரியாகச் செய்தாள். உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டினாள். ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். மாத்திரை வேளைகளைத் தடுமாறாமல் சொன்னாள். ‘தயார்’ என்று எழுதிவிட்டு, அவருடைய செயலிழந்த வலது கைக்கான பயிற்சியைக் காட்டினேன்.

“டெய்லி செஞ்சா கை வந்துடுமா சிஸ்டர்?”

“ஓரளவுக்கு வரும்மா.”

“செய்யாம வுட்டா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அப்படியே இறுகிப் போயிடும். புருஷனுக்கு இதுகூட செய்யமாட்டியா?” என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அவர் தூங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டு, கலா மெதுவாகச் சொன்னாள்: “அந்தக் கையாலதான் சிஸ்டர் அடிப்பாரு. பதினஞ்சு நாளா இந்தக் கட்டிலாண்ட கீழதான் படுத்துகினு கீறேன். இப்பதான் பயமில்லாம தூங்குறேன்.”

படிவத்தில் நான் எழுதிய ‘தயார்’ கண்ணில் பட்டது. அவளாகவே உட்கார்ந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டத் தொடங்கினாள். நான் காட்டியதைவிடப் பதமாகவே செய்தாள்.

அவர் சுட்டுவிரல் தானாக அசைந்தது. சட்டென்று கையை விட்டுவிட்டாள்.

“அசைஞ்சுது சிஸ்டர்.”

டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டிய நல்ல செய்தி. நான் சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை. கலாவும் யாரிடமும் சொல்லவில்லை.