அடுப்பு வேண்டாம் என்றவள்

அக்டோபர் 1987, செவ்வாய் இரவு. கள்ளக்குறிச்சி.

சாலை மறியல் கலவரத்தில் குடிசை எரிந்தவர்களுக்கு இன்று சங்கராபுரம் பக்கத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ் கொடுத்தோம். அஞ்சலை என்பவள் மட்டும் வாங்க மறுத்தாள். தீக்குச்சி உரசும் சத்தத்துக்கே அவள் உடம்பு நடுங்குகிறது. அவளும் பிள்ளையும் ஊறவைத்த அரிசியைத்தான் தின்கிறார்கள்.

எங்கள் தொண்டு சங்கத்தின் செயலாளர் விடவில்லை.

“இன்னாம்மா, அடுப்புக்குப் போய் பயப்படுறே? இங்கயே பத்த வெச்சுக் காட்டு. பயம் தெளிஞ்சிடும்.”

“வேணாங்க ஐயா. ஆக்கின சோறு இருந்தா புள்ளைக்கு ஒரு வாய் குடுங்க.”

“ஆக்கிப் போட ஆள் வேணுமா, மகாராணிக்கு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சமூகப்பணி படித்தவன் நான். பயந்தவர்களை அந்தப் பயத்தின் முன்னால் இழுத்து நிறுத்தக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? “கட்டாயப்படுத்த வேணாமே” என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

“சாருக்குப் படிப்பு ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு அவரே குச்சியைக் கிழித்தார்.

அஞ்சலை பிள்ளையை வாரிக்கொண்டு சாலைக்கு ஓடினாள். ஒரு லாரி அவளை உரசுவது போல் வந்து நின்றது. கரும்புக் கொல்லைக்குள் புகுந்தவள், நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. “நல்லது செய்ய வந்தா இப்படித்தான்” என்று செயலாளர் அவளுடைய ஸ்டவ்வை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

அவளுக்கு வேண்டியது தினமும் ஒரு தூக்குச் சோறு. அதை நானே கொண்டுபோகலாம். மருமகளிடம் கொஞ்சம் கூடுதலாக உலை வைக்கச் சொன்னால் போதும். சாப்பிடும்போது அதைச் சொல்ல வாய் திறந்தேன்.

“இன்னா மாமா, உப்பு கம்மியா?” என்றாள்.

“சரியா இருக்கும்மா” என்று சொல்லி, எழுந்து கை கழுவினேன்.