கொழுப்பு குறைந்தால் கொடுக்கலாம்

ஜூலை 8, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். சென்னை பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேராகக் கடை. சங்கராபுரத்தில் மற்ற மளிகைக்காரர்கள் திறப்பதற்கு முன்னால் திறந்துவிட்டேன். தூக்கம் வந்தால்தானே.

நேற்று ஆஸ்பத்திரியில் நடந்ததை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும்.

மும்தாஜ் அக்காவுக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது. மருந்தால் இனி சரியாகாது, மாற்றித்தான் ஆக வேண்டும். மச்சானுக்கு ரத்த வகை சேரவில்லை. பிள்ளைகள் சின்னவர்கள். எனக்குச் சேர்ந்தது. என் ஈரலில் ஒரு பெரிய துண்டை வெட்டி அவளுக்கு வைப்பார்களாம், எனக்கு மீதி இருப்பது சில மாதத்தில் வளர்ந்துவிடுமாம். கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான். வால் அறுந்த பல்லி மாதிரி.

ஆனால் டாக்டரம்மா என் ஸ்கேனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ரஃபீக், உங்க ஈரல்லயே கொழுப்பு படிஞ்சிருக்கு. இதை எடுத்து அவங்களுக்கு வைக்க முடியாது. உங்களுக்கும் ஆபத்து."

"நான் குடிக்கிறதே இல்லீங்களே மேடம்."

"பரோட்டா?"

பக்கத்தில் என் மனைவி ஷமீமா. பொய் சொல்ல வழியில்லை.

"கொழுப்பு குறைஞ்சா கொடுக்கலாம். ரெண்டு மாசம் கழிச்சு திரும்பப் பார்ப்போம். அதுவரைக்கும் அவங்களை மருந்துல தாங்க வைக்கிறோம்."

இன்று சாயந்திரம் மணலூர்பேட்டையிலிருந்து அக்கா போன். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு.

"சின்ன வயசுலேந்து சொல்லிக்கினே இருக்கேன், உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு. வூட்ல ஒருத்தரும் நம்பல. இப்ப மிஷினே சொல்லிடுச்சி பாத்தியா!"

ஜூலை 9, புதன்

யோசித்துப் பார்த்தேன். காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் மதியம் வரை. அப்புறம் கள்ளக்குறிச்சி மண்டிக்குச் சரக்கெடுக்க, லோடு வண்டியில் உட்கார்ந்தபடி. வாரத்தில் இரண்டு நாள் வெள்ளிமலைக் கடைகளுக்குச் சரக்கு, அதுவும் உட்கார்ந்தபடி. யார் கடைக்குப் போனாலும் டீ. கடை அடைத்ததும் பரோட்டா, சால்னா. நாள் முழுக்க ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடியது வண்டிதான்.

முடிவு: சோறு கட். டீ கட். எல்லாம் கட். வெள்ளரிக்காய், மோர்.

ஜூலை 12, சனி

மலையில் பனிமூட்டம், சாரல். வெள்ளிமலையில் எண்ணெய் டின் இறக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, பின்னால் அரிசி மூட்டை. மெத்தை மாதிரி அதன்மேல் விழுந்தேன்.

கண் திறந்தால் டிரைவர் ஏழுமலையின் முகம், அதற்குப் பக்கத்தில் டீக்கடை அலமேலு, கையில் தண்ணீர்ச் சொம்பு.

"இன்னாங்க பாய், நோம்பா?"

"நோம்பு மாசம் எப்பவோ முடிஞ்சிபோச்சி," என்றான் ஏழுமலை. "இவுரா ஒரு நோம்பு புடிச்சிக்கினு கீறாரு."

அலமேலு அவித்த முட்டை இரண்டை உரித்து வாயில் திணிக்காத குறை. உப்பு, மிளகுத்தூள். என்ன ருசி! முட்டைக்கு இவ்வளவு ருசி உண்டென்று இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று.

ஜூலை 14, திங்கள்

டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"பட்டினி கிடந்தா கொழுப்போட சதையும் கரையும். சதை இல்லாம ஆபரேஷனுக்கு வந்தா அப்புறம் கட்டிலை விட்டு எழுந்திரிக்கவே முடியாது. எனக்கு ஒல்லியான ஆள் வேணாம். பலமான ஆள் வேணும்."

சொன்னவை: தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு முட்டை, மீன், கோழி, பருப்பு, ஏதாவது ஒன்று. மிச்சம் கால் பங்குதான் சோறு. சர்க்கரை, எண்ணெய்ப் பலகாரம், பரோட்டா கிட்டவே கூடாது. தினம் நடை. வாரத்தில் சில நாள் பளு தூக்கணும். நல்லாத் தூங்கணும்.

"ஜிம்முக்குப் போக நேரமே இல்லீங்க மேடம். கடை…"

"மளிகைக் கடைதானே? மூட்டை இருக்குல்ல?"

போனை வைத்துவிட்டுக் குடோனுக்குள் எட்டிப் பார்த்தேன்.

ஜூலை 19, சனி

மூட்டை என்றதும் அரிசி மூட்டையைத் தூக்கப் போனேன். அது அசையவில்லை, என் இடுப்புதான் அசைந்தது. துவரம்பருப்புப் பையிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது. சுவரில் கை ஊன்றித் தண்டால். தரையில் எடுக்க இன்னும் தெம்பில்லை.

குடோன் பின்னால் யாருக்கும் தெரியாமல் செய்தேன். லோடுமேன்கள் எட்டிப் பார்த்துவிட்டார்கள்.

"மொதலாளி, யார்கிட்ட மன்னிப்பு கேக்குறீங்க? பள்ளிக்கூட வாத்தியாரு வந்துட்டாரா?"

ஒரே சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து எழுந்தால் வயிறு இன்னும் வலிக்கிறது.

தொடை இரண்டும் பிடித்துக்கொண்டு, தொழுகையில் எழுந்திருக்கத் தடுமாறினேன்.

ஜூலை 22, செவ்வாய்

பரோட்டா சாப்பிட்டுவிட்டேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம், கல்லில் தட்டும் சத்தம் காதில் விழுந்தது, கால் தானாகத் திரும்பியது. ஷமீமாவிடம் நானே சொன்னேன். திட்டவில்லை. "நாளைக்கு கொஞ்சம் ஜாஸ்தி நடங்க," என்றாள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 27, ஞாயிறு

மணலூர்பேட்டை. வழி முழுக்கக் கரும்பு, காற்றில் சலசலவென்று. மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தோம்.

அக்கா பாயில் சாய்ந்திருந்தாள். கண் மஞ்சள். மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்குகிறது. என்னைக் கட்டிப் புரட்டி எடுத்த கை அது.

யாரோ பக்கத்து வீட்டில் ஏதோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். நான் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு உன் ஈரலும் வேணாம், ஒண்ணும் வேணாம். குடுக்கிறவங்களுக்கும் எதனா ஆவுமாமே? உனக்கு ஒண்ணுன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஷமீமாவப் பாக்கறது?"

நான் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். காதில் வாங்கவே இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மச்சான் தலை குனிந்து நின்றார்.

அப்போதுதான் ஷமீமா பேசினாள். சோறு பிசைந்துகொண்டே, சாதாரணமாக.

"அண்ணி, எனக்கும் பயந்தான். படுத்தா தூக்கம் வர்றதில்ல. ஆனா, இவுரு உங்களுக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தார்னு வைங்க. அதுக்கப்புறம் அந்த மனுஷன்கூட நான் எப்பிடி குடும்பம் நடத்தறது?"

வெளியே ஒரு டிராக்டர் போயிற்று.

அக்கா மெல்லத் திரும்பினாள். ஷமீமாவைத்தான் பார்த்தாள், என்னை இல்லை.

"அந்த மீனு முள்ளு எடுத்துட்டு குடும்மா," என்றாள்.

ரெண்டு வாய்தான். பிறகு முடியவில்லை. போதும், சம்மதம் கிடைத்துவிட்டது.

திரும்பும்போது பைக்கில் ஷமீமா என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டே வந்தாள். சட்டை நனைந்திருந்தது. மழை இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

மலையில் வெயிலும் சாரலும் மாறி மாறி. ரெண்டு வாரமாகப் புது ஏற்பாடு: வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, மிச்ச வளைவுகளை நடந்து ஏறுவது. ஏழுமலை வண்டியைப் பின்னால் ஊர வைத்துக்கொண்டு வருவான். எதிரே வந்த ஜீப்காரர் நிறுத்தி, "வண்டி ரிப்பேரா?" என்றார்.

"வண்டி நல்லாத்தான் கீது. ஓனருக்குத்தான் சர்வீஸ்," என்றான் ஏழுமலை.

முதல் வாரம் நாய் மாதிரி மூச்சு வாங்கியது. இன்று ஏறிக்கொண்டே ஷமீமாவோடு போனில் பேசினேன்! கீழே சமவெளி முழுக்கப் பச்சை. இத்தனை வருஷம் இந்த ரோட்டில் வந்திருக்கிறேன், ஓடைச் சத்தம் கேட்டதே இல்லை. எப்போதும் எஞ்சின் சத்தம்தான்.

அலமேலு கடையில் முட்டை, கொள்ளுச் சுண்டல், சர்க்கரை இல்லாத டீ. பழகிவிட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அரிசி மூட்டை எழுந்தது! இடுப்பு வரைக்கும்தான். ஒரு நொடிதான். ஆனால் எழுந்தது. லோடுமேன்கள் விசில்.

தரையில் தண்டால், அதுவும் வருகிறது.

இரவு ஷமீமா என் தோளைத் தொட்டுப் பார்த்து, "இன்னாங்க இது, கல்லாட்டம் கீது?" என்றாள். நான் மூச்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கள்ளக்குறிச்சியில் கல்யாணம். மண்டபத்து வாசலிலேயே பிரியாணி வாசனை ஆளைத் தூக்கியது. கறித்துண்டுகளை எடுத்துக்கொண்டேன், சோறு ரெண்டு கரண்டி, தயிர் வெங்காயம் நிறைய. பரிமாறியவர் என்னை நோயாளி என்று நினைத்து, ஒதுங்கி உட்காரச் சொன்னார்.

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக:

"கடையில நஷ்டமா?"

"சுகரா?"

"ஷமீமா ஒழுங்கா ஆக்கிப் போடறதில்லியா?"

கடைசிக் கேள்விக்கு ஷமீமா முறைத்த முறைப்பில் பெரியம்மா வேறு பந்திக்குப் போய்விட்டார்.

பழைய பேண்ட்டை பெல்ட் மட்டும்தான் தாங்குகிறது. தையல்காரரிடம் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மழை. ஜும்மா முடிந்து வெளியே வரும்போது மச்சான் போன். அக்காவுக்கு வயிற்றில் நீர் கோத்துவிட்டது, பேச்சு குழறுகிறது. ஆம்புலன்ஸில் சென்னைக்கு.

மூட்டை தூக்கவில்லை. நடக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து ஒரே சாமானின் விலையை மூன்று பேருக்கு மூன்று விதமாகச் சொன்னேன்.

சாயந்திரம் ஏழுமலை வந்து பருப்புப் பையை என் மடியில் வைத்தான்.

"இப்பத்தான் ஜாஸ்தி தூக்கணும். எழுந்திருங்க."

எழுந்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

சென்னை. வெயில். ஸ்கேனை முன்னாலேயே எடுத்துவிடச் சொன்னார்கள். அந்தக் குழாய்க்குள் படுத்திருக்கும்போது நினைத்ததெல்லாம் அந்த ஒரு பரோட்டாதான். இல்லை, அன்று சாப்பிட்டது நாலு. யா அல்லாஹ், அந்த நாலைக் கணக்கில் எடுக்காதே.

டாக்டரம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம். ஷமீமாவின் நகம் என் கையில் பதிந்தது.

"ரெண்டும் ஒரே ஆளோட படமா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஷமீமாவுக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் ரூமிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"கொடுக்கலாம் ரஃபீக். நல்ல ஈரல்."

வாழ்க்கையில் எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். சரக்கு சுத்தம், எடை சரி என்றெல்லாம். இந்த மாதிரி ஒரு பாராட்டு வந்ததில்லை.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். பாதி மயக்கம். காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "பாஸாயிட்டேன்கா" என்றேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "பத்தாவதே பார்டர்ல பாஸானவன்," என்றாள் குழறலாக. பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார்.

செப்டம்பர் 10, புதன்

கடைச் சாவி ஷமீமாவிடம். மலைக்குச் சரக்கு ஏழுமலை பார்த்துக்கொள்வான். லோடுமேன்கள் சேர்ந்து ஆப்பிள் வாங்கி வந்தார்கள். ஒருவர் தயங்கித் தயங்கி, "திரும்பி வந்ததும் கொஞ்ச நாளைக்கு மூட்டைய தொடாதீங்க மொதலாளி. எங்க பொழப்பையும் பாக்கணும்ல," என்றார்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணாடியில் தெரிகிற ஆளைப் பார்த்தால் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது. இவன் தாங்குவான்.

திங்கட்கிழமை ஆபரேஷன்.

செப்டம்பர் 22, திங்கள்

கையெழுத்து கோணல். படுத்தபடி எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்.

வலி: இருமினால் உயிர் போகிறது. சிரித்தாலும். ஏழுமலையைப் போன் பண்ண வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மறுநாளே எழுப்பி உட்கார வைத்தார்கள். அதற்கடுத்த நாள் நடை. கட்டிலை விட்டு எழும்போது தொடைதான் என்னைத் தூக்கியது, வயிற்றுக்கு வேலையே வைக்கவில்லை. பிசியோதெரபிக்காரர், "ஜிம்முக்குப் போவீங்களா சார்?" என்றார். "மளிகைக் கடை," என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இன்று அக்காவை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். தாழ்வாரச் சுவரைப் பிடித்துக்கொண்டு, முகமூடி போட்டு, ஷமீமா தோளில் சாய்ந்து போனேன். வாசலிலேயே நிற்கச் சொன்னார்கள். மச்சான் உள்ளே கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு, குழப்பத்தோடு, "டேய், பசிக்குதுடா," என்றாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து. மச்சான் நின்ற இடத்திலேயே முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டார்.

நர்ஸம்மா ஒரு இட்லி தரலாம் என்றார். அக்கா ரெண்டு கேட்டாள். நர்ஸம்மா ஒன்றுதான் என்றார். அக்கா, "சரி, ஒண்ணரை," என்றாள்.