ஈட்டிப் பலகையும் என் காந்தமும்

கிட்டாரின் தோள்வார் ஆணி கழன்றுவிட்டது. பக்கத்தில் புதுத் துளை போட்டேன். கருஞ்சிவப்புத் தூள் சுருள் சுருளாக மடியில் விழுந்தது. பன்னீர் தெளித்த மாதிரி வாசம். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஈட்டி மரம், வெள்ளைக்காரன் சொல்லும் ரோஸ்வுட், உள்ளே பச்சையாகத்தான் இருக்கிறது. துளைபோடுவதை நிறுத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளில் பீர்மேட்டில் நம் எஸ்டேட் கோயில் திருவிழாவுக்கு மதுரையிலிருந்து மெல்லிசைக் குழு வந்தது நினைவிருக்கிறதா? அன்றுதான் எலெக்ட்ரிக் கிட்டாரை நாம் முதலில் பார்த்தோம். ஜீப்பிலிருந்து மேடைக்கு அதன் பெட்டியைத் தூக்கிப் போனவன் நீ. தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்கிப் பழகியவனுக்கு உலகமே எடைதான். நானோ ரேடியோக்களைப் பிரித்துப் போட்டுத் தானாகவே தொழில் கற்றவன். என் கண் கம்பிகளுக்கு அடியிலிருந்த பிக்கப் என்ற காந்தச் சுருளை விட்டு நகரவில்லை. கச்சேரி முடிவதற்குள் நமக்குள் சண்டை தொடங்கிவிட்டது.

"ஏலே, பச்சப்புள்ள கனம் இருக்குல. அந்தக் கனந்தாம்ல சத்தம்."

"அம்மிக்கல்லுகூடத்தான் கனம். அது பாடுமா? கம்பிக்கு அடியில காந்தம் இருக்கு பாத்தியா, அதுதாம்ல காது."

"காது கேக்கும், சரி. பாடுறது எதுல?"

நான் விடவில்லை, நாமே ஒரு கிட்டார் செய்து பார்க்கலாம் என்றேன். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை உடைத்தேன். ரேடியோ டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து முடி போன்ற செம்புக் கம்பியை உருவி, தையல் மிஷினில் வைத்து ஆயிரக்கணக்கில் சுற்றினேன். பத்துத் தடவை அறுந்தது. கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும், அந்த ஆட்டம் சுருளில் மின்சாரமாகும் என்று உனக்கு விளக்கினேன். பிக்கப்பை, கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் தள்ளினால் சத்தம் கூர்மையாகும், கழுத்துப் பக்கம் தள்ளினால் உருண்டு வரும் என்றும் சொன்னேன். நீ தலையாட்டிவிட்டு, கிட்டார் உடலுக்கு எடுத்த டீப்பெட்டிப் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்த டீப்பெட்டி கிட்டாரை என் கடை ரேடியோவில் இணைத்த அன்று ஒரே ஊளை. எதிர் டீக்கடையிலிருந்து குரல் வந்தது: "அந்த நாயக் கட்டிப் போடுங்கடா!"

"பாத்தியா, பலகை சரியில்ல. கனமான மரம் வேணும்" என்றாய்.

"சுருள் தளர்ந்து கெடக்குல. மெழுகு ஊத்துனா நிக்கும். சந்தைக்குப் போயி வாங்கியாரேன், பொறு."

நீ பொறுக்கவில்லை. அந்த வருஷ மழைக்கு ஆற்றில் ஒரு ஈட்டித் தடி, முழு அடிமரம், வந்து பாறையில் சிக்கியிருந்தது. நின்றாலும் விழுந்தாலும் ஈட்டி சர்க்கார் சொத்து, தொட்டால் கேஸ். ஃபாரஸ்ட்காரர்கள் வெளியே வராத அடைமழையாகப் பார்த்து நீ தனியாக இறங்கினாய். கிட்டார் உடலுக்கு வேண்டிய துண்டை அறுத்துக் கரையேற்றிவிட்டாய். கழுத்துக்கு ஒரு துண்டு வேண்டுமென்று மறுபடி இறங்கியபோது தடி புரண்டது. ஃபாக்டரியிலிருந்து எல்லோரும் ஓட, நானும் ஓடினேன். உன் ஒரு கை மட்டும் தடிக்கு வெளியே தெரிந்தது. கரையில் அந்தத் துண்டு கயிறு கட்டி, தூக்கத் தயாராக இருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களோடு ஃபாரஸ்ட்காரரும் வந்தார். "தடி எவிடெயா?" என்று மலையாளத்தில் கேட்டபடி அதைத் தேடி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். உன் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். கரையிலிருந்து வந்த அந்தத் துண்டைச் சாக்குப் போட்டு மூடி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாத்தையும் ஆறு கொண்டுபோயிருச்சு சார்" என்றாள்.

பிறகு நான் உன் தங்கையைக் கட்டிக்கொண்டேன். சீர்ப் பாத்திரங்களோடு அந்தப் பலகையும் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தது. "இதுல உக்காந்து உக்காந்தே தேச்சுட்டேன் மாப்ள. அவன் நெனச்சத நீ செஞ்சிரு" என்றாள் உன் அம்மா.

செய்தேன். சுருளுக்கு மெழுகு ஊற்றினேன். ஊளை நின்றது. ஒருமுறை மீட்டினால் நாதம் அப்படியே நின்று, மெல்லத் தேய்ந்தது. "உங்கண்ணன் மரம் பாடுது" என்று உன் தங்கையிடம் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் உன் நினைவு நாளன்று அவளுக்காக வாசிக்கிறேன்.

இப்போது நம் சண்டையை உலகமே போடுகிறது தெரியுமா! கைப்பேசியைத் திறந்தால் அதுதான். ஒரு பையன் சிமெண்ட் பலகையில் பிக்கப்பைப் பொருத்தி வாசித்துக் காட்டி, மரமெல்லாம் சும்மா என்கிறான். நான் பொய்ப்பெயரில் நுழைந்து சண்டை போடுகிறேன். உன் கட்சிக்காக. காந்தக்காரனான நான், மரம்தான், மரம்தான் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறேன். போன வாரம் ஒருத்தன் எழுதினான்: "அங்கிள், யாரையாவது திரும்பி உக்காரச் சொல்லி வாசிச்சுப் பாருங்க. அப்புறம் பேசுங்க."

கோபத்தில் ஒரு சில்வர் ஓக் பலகையைச் செதுக்கினேன். அளவு அதே, கனம் ரொம்பக் குறைவு. உன் தங்கை முதுகைக் காட்டி உட்கார்ந்து மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே எது அண்ணன் மரம் என்று சொல்லச் சொன்னேன். முதலில் ஈட்டியில் வாசித்தேன். பிறகு அதே பிக்கப்பையும் அதே கம்பிகளையும் சில்வர் ஓக்கில் மாற்றி, அதே பாட்டை வாசித்தேன். என் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உயிரே போனாலும் தெரியாது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இதுதாங்க அண்ணன் மரம். மொத வாசிச்சது வெறும் பலக, இல்லியா?"

சில்வர் ஓக்கை மடியில் வைத்துக்கொண்டு, "ஆமா" என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

நான் ஜெயித்துவிட்டேன் மாப்ள, காந்தம்தான். இதைச் சொன்னால் என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டிருப்பாய். அந்தப் பையனுக்கு நான் பதில் எழுதவில்லை. இனி எழுதவும் மாட்டேன்.

பிக்கப்பைக் கழற்றி மறுபடி ஈட்டியில் பொருத்தினேன். டாக்டர் என் இடது தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, லேசான கிட்டாராக மாற்றச் சொல்கிறார். ஆணியை இப்போதுதான் முறுக்கி முடித்தேன். வாரை மாட்டி எழுந்து நின்று பார்த்தேன். நீ சொன்னது சரிதான், பச்சப்புள்ள கனம்.