பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஹல்துமுல்லையில் விடாத மழையாம், தங்கச்சி சொன்னாள். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது காலில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். ஃபோனை நீங்கள் எடுப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆயுத பூஜையன்று நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்கைச் சரிபார்க்கும் வேலை பாதி ஓடிக்கொண்டிருந்தது. "பூசையன்னைக்கு அதுக்கும் ஓய்வு வேணும்யா" என்று சுவிட்சை அணைத்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு சேர்த்துப் பொட்டு வைத்தீர்கள். அதன்பிறகு அது திறக்கவேயில்லை. அப்பா கடைசியாக ரதி வேஷம் கட்டி ஆடிய காமன்கூத்து வீடியோ அதில்தான் இருந்தது. "அப்பாவ ரெண்டாந்தரம் சாகடிச்சிட்டீங்களேம்மா" என்று நான் ஃபோனில் கத்திவிட்டேன்.

இங்கே தோஹாவில் கம்ப்யூட்டர் திருத்துகிற ஒருவரிடம் விசாரித்தேன். அவர் சிரித்துவிட்டார். நீங்கள் அணைத்ததால் இல்லையாம், டக் டக்கென்று சத்தம் வந்தபோதே டிஸ்க் கெட ஆரம்பித்துவிட்டதாம். அன்றைக்கே எல்லாவற்றையும் வேறொன்றில் காப்பி எடுத்திருக்க வேண்டுமாம். அந்தச் சத்தத்தைத் தங்கச்சி சித்திரையிலேயே என்னிடம் சொன்னாள். "பழைய மெஷின் அப்படித்தான் கத்தும், விடு" என்றவன் நான்தான். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை அம்மா.

இனி அந்தக் கம்ப்யூட்டரை ஆன் பண்ண வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி, ஈரம் படாமல் துணியில் சுற்றி வைக்கத் தங்கச்சியிடம் சொல்லுங்கள். லீவில் வரும்போது காட்டிப் பார்க்கலாம், கிடைத்தாலும் கிடைக்கும். பொட்டைத் துடைக்க வேண்டாம்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. இனி தினமும் சாயந்தரம் ஃபோன் பண்ணுவேன். என்னோடு பேச வேண்டாம் அம்மா. எடுத்து அடுப்புப் பக்கத்தில் வைத்தால் போதும், நீங்கள் ரொட்டி தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் மகன்
புவனேந்திரன்