அவள் குரலுக்கு என் வாய்

1987 மே 7, வியாழன்

இன்று கடையில் ஒரு பெண் ஏழாம் நம்பர் ஷூவைப் போட்டுப் பார்த்துக்கொண்டே எங்கள் பாட்டை முணுமுணுத்தாள். ரேடியோவில் அப்போதுதான் ஓடியது. நான் மண்டியிட்டு அவள் குதிகாலைத் திணித்துக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "அது எங்க பாட்டு" என்று சொல்லித் தொலைத்தேன்.

"போடி! அவ்ளோ பெரிய பாட்டுக்காரி எதுக்கு என் காலைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கா?"

கடை முழுக்கச் சிரித்தது. அவள் சொன்னதில் பாதி நியாயம்தான். 'ஒரு தடவை மணி அடி' பாட்டில் நான் பாடியது "மணி அடி, மணி அடி" என்ற பின்பாட்டு மட்டும். மற்றதெல்லாம் ஈவலிஸ். அவள் ஆஸ்துமாவில் செத்து மூன்று மாதம் ஆகிறது. இசைத்தட்டு வெளிவந்தது அவளை அடக்கம் செய்த மறுவாரம். இப்போது எங்கள் பிராங்க்ஸ் தெருக்களில் எந்தக் கார் கண்ணாடியை இறக்கினாலும் அவள் குரல்தான்.

மேடையில் டேப் ஓடும். குழுவின் மூன்றாமவள் மிக்டா ஆடுவாள். நடுவில் நின்று ஈவலிஸின் வரிகளுக்கு வாயசைப்பது நான். ஞாயிறு மதியம் ஸ்கேட்டிங் அரங்கில் நிகழ்ச்சி. புது ஷூ கடிக்கிறது.

மே 10, ஞாயிறு. அன்னையர் தினம்

டோன்யா ப்ரோவி வந்திருந்தாள். ஈவலிஸின் அம்மா. எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடி, நாங்கள் மூன்றாம் மாடி. யார் கூப்பிட்டார்கள்? நான் இல்லை. சக்கர ஷூ போட்ட பிள்ளைகளுக்கு நடுவே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கறுப்பு உடுப்பில், முதல் வரிசையில்.

டேப் ஓட ஆரம்பித்த பிறகுதான் பார்த்தேன். அதற்கப்புறம் எப்படி நிறுத்துவது? அவள் பெண்ணின் குரல் வருகிறது, வாய் என்னுடையது. என்னைச் செருப்பால் அடிப்பாள் என்றே நினைத்தேன். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

முடிந்ததும் உடை மாற்றும் அறைக்கு வந்தாள். என் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள இருக்காடி. உன் வாயில இருக்கா. நான் பாத்தேன்."

"டோன்யா, அது டேப்பு..."

"டேப்புன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன பைத்தியமா? டேப்புல குரல் இருக்கு, மகளே. முகம் இல்லையே. வியாழக்கிழமை வீட்டுக்கு வா. சாப்பிடலாம்."

மிக்டா மூலையில் நின்று மூக்கைச் சிந்தினாள். பிறகு வழியெல்லாம் கிண்டல். "போ, போ. துவரைச் சோறு கிடைக்கும். பொணத்துக்கு வாடகை வாய்."

மே 14, வியாழன்

போனேன்.

அலமாரி மேல் ஒரு தம்ளர் தண்ணீர், வெள்ளை மெழுகுவர்த்தி, ஈவலிஸின் பள்ளிக்கூடப் படம். படத்துக்குப் பின்னால் எங்கள் தட்டு சாத்தி வைத்திருக்கிறது. உறை பிரிக்கவேயில்லை. அவளிடம் தட்டு ஓட்டும் பெட்டி கிடையாது. ரேடியோதான். காலையில் போடுவாள், தூங்கும்போதுதான் அணைப்பாள். பாட்டு எப்போது வருமோ என்று அடுப்பைவிட்டு நகர மாட்டாளாம்.

நாலரை மணிக்கு வந்தது. டோன்யா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்திரி. எந்திரிடி, சீக்கிரம்."

சமையலறையில், நிலைக்கதவுக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே நின்று முழுப் பாட்டுக்கும் வாயசைத்தேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டையே பார்த்தாள். அழவில்லை. முடிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல "உப்பு போதுமா பாரு" என்றாள்.

எனக்கு உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை.

மே 15, வெள்ளி

பல் துலக்கும்போது கண்ணாடி பார்க்கவில்லை.

மே 22, வெள்ளி

எஃப்ராயின் கூப்பிட்டு அனுப்பினான். பாட்டுக்கு மெட்டுப் போட்டதும் அவன், டேப்பும் அவனுடையது, எங்களுக்குப் பெயர் வைத்ததும் அவன். பெரிய கம்பெனி ஒன்று பாட்டை வாங்குகிறதாம். நாடு முழுக்க வரும். ஆகஸ்டில் டிவி. ஆனால் டிவியில் நிஜமாகவே பாட வேண்டும்.

"செத்தவளை வெச்சு டிவி பண்ண முடியாதுன்னுட்டாங்க, ஸோரி. குரலை மாத்தணும். நீ பாடு."

"புதுசாவா?"

"அதே டேப்புலதான். ஒரு சத்தத்துக்கு ஒரு டிராக்குன்னு இருபத்துநாலும் ரொம்பிப் போச்சு. கைதட்டு, மணி, அந்த எழவு தாளம் எல்லாத்தையும் நான்தான் அடைச்சு வெச்சேன். அவ குரல் இருக்கிற டிராக்குல நீ பாடிடு."

"அப்ப அவளோடது?"

"போயிடும்."

உண்மையை எழுதிவிடுகிறேன், இங்கே எழுதாமல் எங்கே எழுத? அந்த நொடி எனக்கு வந்தது துக்கம் இல்லை. வயிற்றில் ஜில்லென்று ஒரு சந்தோஷம். பதிமூன்று வயதிலிருந்து படிக்கட்டில் அவளும் நானும் சேர்ந்துதான் பாடினோம். முன்னால் நிற்க எனக்கும் ஆசை இருந்தது. இனி என் குரல், என் பெயர். யார் காலிலும் ஷூ மாட்ட வேண்டாம்.

மிக்டா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "பல்லை உள்ள வைடி. தெரியுது."

மே 28, வியாழன்

டோன்யாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் மாடி ஏறினேன். ஐந்தாம் மாடி வருவதற்குள் ஐந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் வாழைக்காய் பொரித்துத் தட்டில் வைத்தாள். பாட்டு வந்தது. எழுந்து நின்றேன். வாயசைத்தேன். சாப்பிட்டேன். இறங்கி வந்தேன்.

கோழை. கோழை. கோழை.

ஜூன் 3, புதன்

முடிந்தது. எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

காலை பத்து மணிக்கு ஸ்டுடியோ. டேப் பார்ப்பவன் நெல்சன், நல்ல பையன், அதிகம் பேச மாட்டான். அவன்தான் விளக்கினான். ஹெட்போனில் முதலில் ஈவலிஸ் பாடுவாள், நான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என் வரி வரும்போது அவன் சிவப்புப் பொத்தானை அழுத்துவான். அந்த இடத்திலிருந்து டேப்பில் பதிவது நான். வரி முடிந்ததும் பொத்தானை விடுவான், மறுபடி அவள். இப்படி ஒவ்வொரு வரியாக.

யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை, அவள் கூடவே இருப்பாள் என்று.

"ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கேன்" என்று அவள் பாடுகிறாள். பொத்தான். "ஒரு தடவை மணி அடி" என்று நான். பொத்தான். அடுத்த வரியில் மறுபடி அவள், ஒன்றும் தெரியாதவள்போல, பாவி, தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறாள். அந்த வரிக்கு நெல்சன் டேப்பைப் பின்னால் ஓட்டுகிறான். கடைசியாக ஒருமுறை கேட்கிறேன். பொத்தான். போயிற்று. உலகத்தில் அந்த டேப்பில் அந்த வரி இனி இல்லை.

ஜனவரியில் இதே அறையில்தான் அவள் பாடினாள். பன்னிரண்டு தடவை பாடியும் கடைசிப் பல்லவி சரியாக வரவில்லை. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "மூச்சு விடத் தெரியாதவ எதுக்குடி பாட வர்ற?" என்று கேட்டேன். எல்லார் முன்னாலும் கேட்டேன். அவள் சிரித்தாள். மருந்தை வாயில் அடித்துக்கொண்டு பதின்மூன்றாவது தடவை பாடினாள். மூன்று வாரத்தில் செத்துப்போனாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மிக்டாவுக்குத் தெரியும், அவள் அங்கே இருந்தாள்.

இன்று அந்தப் பல்லவி வந்தபோது, "நிறுத்து நெல்சன், இதை மட்டும் விட்டுடலாம்" என்றேன். எஃப்ராயின் ஒலிபெருக்கியில் கத்தினான். "ஒரே பாட்டுல ரெண்டு தொண்டையா? பாடுடீ!"

பாடினேன்.

எல்லாம் முடிந்து முழுசாகப் போட்டுக் காட்டினார்கள். நெல்சன் முகம் மாறியது. டேப்பை நிறுத்திப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டான். "பதிவாச்சா இல்லியான்னு பாக்கிறேன்" என்றான்.

பதிவாகியிருந்தது. அது நான்தான். ஆனால் அவள் இழுக்கிற இடத்தில் இழுக்கிறேன், அவள் ஒடிக்கிற இடத்தில் ஒடிக்கிறேன். மூன்று மாதமாக அவளுக்கு வாயசைத்து வாயசைத்து, ஐயோ, என் குரல் எங்கே போச்சு? படிக்கட்டில பாடினேனே, அது எங்க?

எஃப்ராயினுக்குக் குஷி. "நல்லதாப் போச்சு. எவனுக்கும் வித்தியாசம் தெரியாது."

எவனுக்கும் தெரியாது. அவளைப் பெத்தவளுக்கு?

ஜூன் 4, வியாழன்

தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜூலை 16, வியாழன்

ஆறு வியாழன் தப்பித்தாயிற்று. வேலைக்குப் போகும்போது படியில் பூனைபோல இறங்குகிறேன்.

திங்கள்கிழமையிலிருந்து ரேடியோவில் புதுசுதான் போகிறது. பழையதை நிறுத்திவிட்டார்கள். அறிவிப்பாளன் குழுவின் பெயரை மட்டும் சொல்கிறான், பாடியது யார் என்று சொல்வதில்லை. நாலு நாளாக மேலே எந்தச் சத்தமும் இல்லை. கத்தினால் கேட்டுவிடலாம் என்று காது இரண்டும் கூரையில்தான் இருக்கிறது.

ஜூலை 17, வெள்ளி

பிடித்துவிட்டாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில், கையில் காய்கறிப் பையோடு நின்றிருந்தாள்.

"ஏன்டி, என் வீட்டுப் படி உனக்கு மறந்துபோச்சா? இதைத் தூக்கு. மேல வா."

தூக்கினேன். மேலே போனேன். அவள் கதவைச் சாத்தினாள். உட்காரச் சொன்னாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"ரேடியோ கேட்டியா?"

"கேட்டேன், டோன்யா."

"வித்தியாசம் தெரிஞ்சுதா?"

சரி, இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். "தெரிஞ்சுது. டோன்யா, நானே வந்து சொல்லணும்னுதான், எனக்குத் தைரியம்..."

"மூச்சுடீ!" என்றாள். மேஜையைத் தட்டினாள். "மூச்சு! முன்னாடி வரிக்கு வரி இழுக்கும். கேக்கிறப்போ எனக்கு இங்க, இந்த நெஞ்சில பிடிச்சுக்கும். பாட்டு முடியறதுக்குள்ள செத்துடுவாளோன்னு தினமும் பயந்துட்டே கேப்பேன். திங்கக்கிழமை கேக்கிறேன், இழுக்கவே இல்ல! ஒரே சீரா, குழந்தை தூங்கிற மாதிரி. அங்க அவளுக்குச் சரியாயிடுச்சு, மகளே. அஞ்சு மாசமா அதைத்தானே கேட்டேன்? வேற என்ன கேட்டேன்?"

அவள் கறுப்பு போட்டிருக்கவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். மஞ்சள் பூப்போட்ட வீட்டு உடுப்பு.

"எதுக்குடி அழற? சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில. சொல்லு, நல்லா மூச்சு விடறால்ல?"

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், திறந்தவுடன் சொல்லியிருக்கலாம்.

"ஆமா, டோன்யா. நல்லா விடறா."

ஜூலை 19, ஞாயிறு

நாளை மதியம் ரேடியோ நிலையத்தில் பேட்டி. எஃப்ராயின் இன்று காலையே ஃபோன் செய்தான். "பாடினது நம்ம ஸோரிதான்னு நாளைக்கு ஊருக்கே சொல்லப்போறேன். நல்ல உடுப்பா போட்டுட்டு வா" என்றான். ரேடியோவுக்கு எதற்கு நல்ல உடுப்பு?

"எம்பேரு சொல்ல வேணாம்" என்றேன். "ஈவலிஸ் பாடினான்னு சொல்லுங்க."

"லூசா நீ? அழிச்சாச்சு அவளை! பாடினது நீடீ!"

"அப்ப நான் வரல."

"வராத. டிவிக்கும் வராத. உன் மாதிரி பாடறதுக்கு இந்தத் தெருவிலயே பத்துப் பேர் இருக்காளுக."

இருப்பார்கள். வைத்துவிட்டான். அரை மணி நேரம் ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு மிக்டாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், டோன்யா சொன்னதையும் சேர்த்து. அவள் கிண்டல் செய்யவில்லை.

ஜூலை 20, திங்கள்

கடைக்குப் பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டு ஐந்தாம் மாடிக்குப் போனேன். டோன்யா ரேடியோவை மேஜை நடுவில் கொண்டுவந்து வைத்தாள். மூன்று மணிக்குப் பேட்டி ஆரம்பித்தது. எஃப்ராயின் தன்னைப் பற்றியே கால் மணி நேரம் பேசினான். அப்புறம் அறிவிப்பாளன், "இவ்ளோ அழகா பாடியிருக்கிறது யாரு?" என்று கேட்டான்.

எஃப்ராயின் தொண்டையைக் கனைத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள், கூடப் போயிருந்த மிக்டாவின் குரல் குறுக்கே வந்தது.

"ஈவலிஸ்" என்றாள். "எங்க ஈவலிஸ்."

பாட்டைப் போட்டார்கள். டோன்யா என்னை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

"சாப்பிடு" என்றாள். "இளைச்சுப் போயிட்ட."